ஸ்டூட்பேக்கர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குதிரைவண்டி செய்துகொண்டிருந்த ஸ்டூட்பேக்கர் நிறுவனம் கார் தயாரிப்புக்கு வந்து, பின்னர் அழிந்துபோனதைப் பற்றிக் கல்லூரி இதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன். காலத்தோடு மாறத் தயங்கியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

இந்த வயதில் ஒரு பழைய வண்டிப்பட்டறையின் கதை உங்களை இழுத்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ‘மாறத் தயங்கியவர்கள்’ என்று எழுதும் முன் ஆண்டுகளையாவது புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

1852இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில் ஸ்டூட்பேக்கர் சகோதரர்கள் ஹென்றியும் கிளெமென்டும் 68 டாலர் முதலீட்டில் கொல்லுப்பட்டறை தொடங்கினார்கள். தம்பி ஜான், கலிபோர்னியாவில் தங்கம் தோண்டியவர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்று, 8,000 டாலருடன் 1858இல் திரும்பிவந்து தொழிலில் சேர்ந்தார். 1902இல் மின்சாரக் கார், 1904இல் பெட்ரோல் கார் வெளிவந்தன. குதிரைவண்டியை 1920 வரை விடவில்லை. அதைத் தயக்கம் என்பது அநியாயம். வாங்க ஆள் இருந்தவரை செய்தார்கள். காராலேயே மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிழைத்த நிறுவனம் அது.

பெரிய நிறுவனங்களின் விலைப்போட்டி, 1954இல் பாக்கார்டு கார் நிறுவனத்துடன் இணைந்தது எல்லாம் பலரும் எழுதியவை; அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருப்பது, உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லாகக்கூட வராத தொழிலாளர்களை.

1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலை மூடப்பட்டது. 1950இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டம், அதற்கு முன் உழைத்த ஆண்டுகளையும் கணக்கில் சேர்ப்பதாக வாக்களித்திருந்தது. அதற்கான பணத்தையோ முப்பது ஆண்டுகளில் சிறுகச்சிறுகப் போடுவதாக ஏற்பாடு. பதின்மூன்றே ஆண்டுகளில் ஆலை மூடியபோது நிதியில் போதிய பணம் இல்லை. பத்தாண்டுப் பணியுடன் அறுபது வயதைத் தொட்டவர்களுக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. அதே பணிக்காலம் கொண்ட, நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையிலான 4,000க்கும் மேற்பட்டோருக்குத் தங்கள் உரிமையில் ஏறக்குறைய 15 சதவீதமே கிடைத்தது; மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. வாலிபம் முழுவதையும் அந்த ஆலையில் கழித்தவர், அறுபதுக்குச் சில மாதங்கள் குறைந்த ஒரே காரணத்தால், பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் பெற்றதில் ஏழில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இதை எழுதும்போதே எனக்கு மனம் கொதிக்கிறது.

தொழிற்சங்கம் இந்தக் கொடுமையை நாடு முழுவதும் எடுத்துச் சென்றது. 1974இல் அமெரிக்காவில் ஓய்வூதியத்துக்குக் காப்புறுதி தரும் சட்டம் வந்தபோது, சவுத் பெண்ட் தொழிலாளர்களின் கதை அதற்கான வாதங்களில் முன்னின்றது. அந்தச் சட்டத்தால் அவர்களுக்குப் பழைய பாக்கி ஒரு காசும் வரவில்லை.

கட்டுரையை முடித்ததும் அனுப்புங்கள்; சகோதரர்களுக்கு இரண்டு பத்தி போதும், மிச்ச இடத்தை இவர்களுக்குக் கொடுங்கள்.