படை விலகிய பின் வந்த புற்றுநோய்க்கு இழப்பீடு உண்டா?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டு இராணுவத்தில் சேர்ந்து ஈராக்கில் பணியாற்றியவர். படையிலிருந்து விலகிப் பல ஆண்டுகள் கழித்து, இப்போது அவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் எனக் கண்டறிந்துள்ளார்கள். சேவைக்காலத்தில் வராத நோய்க்கு எதுவும் கிடைக்காது என்றும், சிகிச்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றும் சொல்கிறார். அவர் அனுப்பும் பணத்தில்தான் அம்மா வாழ்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, மல்லாவி

பதில்: சகோதரி, சிகிச்சை முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தம்பியிடம் இன்றே சொல்லுங்கள். 2022 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த 'பாக்ட்' சட்டம், முகாம்களில் கழிவுகளைத் திறந்த குழிகளில் எரித்த நச்சுப்புகைக்கு உள்ளான படையினருக்காக இயற்றப்பட்டது. 1990 ஆகஸ்ட் 2 முதல் ஈராக்கில் பணியாற்றிய ஒருவருக்கு உணவுக்கால்வாய்த் தொகுதியில் எந்தப் புற்றுநோய் வந்தாலும், அது சேவையால் வந்ததாகவே இச்சட்டத்தின்படி கொள்ளப்படும். ஆகவே, புகைதான் காரணம் என்று அவர் நிறுவ வேண்டியதில்லை. அங்கு பணியாற்றியதற்கான சேவைப் பதிவும், நோயை உறுதிசெய்யும் மருத்துவ அறிக்கையும் அடிப்படையாகப் போதும். நோய் சேவைக்காலத்திலேயே தென்பட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை.

காத்திருப்பதால் வரும் இழப்பு பெரிது. புற்றுநோய் செயற்பாட்டில் இருக்கும் காலத்துக்குப் பொதுவாக 100 வீத இயலாமை மதிப்பீடு வழங்கப்படுகிறது. சிகிச்சை முடிந்து 6 மாதங்களின் பின் மீண்டும் பரிசோதித்து, எஞ்சியிருக்கும் பாதிப்புகளுக்கு ஏற்ப அதை மாற்றுவார்கள். கொடுப்பனவோ பெரும்பாலும் விண்ணப்பித்த நாளை வைத்தே கணிக்கப்படுவதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். முழு விண்ணப்பத்தை நிரப்ப இப்போது அவருக்கு உடல்வலு இல்லாவிட்டால், விண்ணப்பிக்கும் எண்ணத்தை மட்டும் 21-0966 என்ற படிவத்திலோ தொலைபேசியிலோ முன்னாள் படைவீரர் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். அதன்பின் ஓராண்டுக்குள் விண்ணப்பத்தை முடித்தால், அறிவித்த நாளே கணக்கில் வரும். அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் இதில் இலவசமாக உதவுவார்கள். முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்கக் கட்டணம் கேட்பவர்களை நம்பவேண்டாம். அந்நாட்டுச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

அம்மாவின் விடயத்துக்கு வருவோம். மதிப்பீடு 30 வீதமோ அதற்கு மேலோ இருந்தால், மனைவி பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, அவரையே நம்பி வாழும் பெற்றோருக்காகவும் கொடுப்பனவில் ஒரு தொகை கூட்டப்படும். இதற்குரிய படிவம் 21பி-509. அம்மாவின் வருமானம் வாழ்க்கைச் செலவுக்குப் போதாது என்பதை அதில் காட்டவேண்டும். உங்கள் பங்கு இங்கேதான் தேவைப்படுகிறது. தம்பியின் பிறப்புச் சான்றிதழ் 2009 இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் உறுதிப்படுத்திய பிரதி கேட்டுப் பெற்று, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி வையுங்கள். அதிலுள்ள பெயர்களும் அம்மாவின் அடையாள அட்டையிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்; நம்மவரின் முதலெழுத்தும் தந்தை பெயரும் வெளிநாட்டுப் பதிவுகளில் இடம் மாறி நிற்பது வழக்கம். இதுவரை பணம் உண்டியலில் வந்திருந்தால், எழுத்தில் எந்தத் தடயமும் இராது. இனி வங்கி மூலமே அனுப்பச் சொல்லி, சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மனம் தளர வேண்டாம். தீர்மானக் கடிதத்தின் திகதியிலிருந்து ஓராண்டுக்குள் மீளாய்வு கோரலாம். நோய் முற்றிய நிலையிலுள்ளவர்களின் விண்ணப்பங்களை முன்னுரிமையுடன் பரிசீலிக்கவும் ஏற்பாடு உண்டு. தம்பியின் நிலை அப்படியானால், அதை மருத்துவ அறிக்கையுடன் முதலிலேயே தெரிவிப்பது அவசியம்.