கேள்வி நேரம்: கிணற்றுக்கு ஒரு கேமரா

மாந்தோப்புக் கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்க்க, மோட்டார் கொட்டாயில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியும் யூஎஸ்பி வெப்கேமும் வைத்திருக்கிறேன். எஃப்எஸ்வெப்கேம் நிரலால் படம் எடுத்து, ஊர்ப் பெயர், தேதி, நேரம் எழுதி சர்வருக்கு அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்புக் கோப்பு) போட்டேன். கையால் ஓட்டினால் ஓடுகிறது. குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் க்ரானில் போட்டால் அசையவே மாட்டேன் என்கிறது. ஊர்ப் பெயரும் படத்தில் அலங்கோலமாக வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், காவேரிப்பட்டினம்

இரண்டும் வேறு வேறு கோளாறு. க்ரானை முதலில் பார்ப்போம்.

தேதி வடிவத்துக்கான % குறியை க்ரான் வரியிலேயே எழுதியிருக்கிறீர்களா? அங்கே % வந்தால் கட்டளை அத்தோடு முடிந்தது என்று க்ரான் எடுத்துக்கொள்ளும். தேதி சமாசாரம் எல்லாம் ஸ்கிரிப்டுக்குள் இருக்கட்டும்; க்ரான் வரி ஸ்கிரிப்டை மட்டும் கூப்பிடட்டும். நேரப் பகுதியில் */5 6-18 * * * என்று போடுங்கள்; பகலில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். அடுத்தது, நீங்கள் லாகின் செய்யும்போது கிடைக்கும் அமைப்புகள் க்ரானுக்குக் கிடைக்காது. எனவே நிரல், படம், எழுத்துரு, சர்வருக்குள் நுழைய உதவும் சாவிக் கோப்பு எதுவானாலும் முழுப் பாதை எழுதுங்கள்.

பலரும் தவறவிடுவது இது: எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக சர்வரோடு முதல்முறை இணையும்போது ‘இந்த சர்வரை நம்பலாமா?’ என்று கேட்கும். க்ரானில் பதில் சொல்ல ஆள் ஏது? எந்தப் பயனர் பெயரில் க்ரான் ஓடுகிறதோ, அதே பெயரில் ஒருமுறை கையால் இணைந்து சம்மதம் கொடுத்துவிடுங்கள். சாவிக்குக் கடவுச்சொல் கூடாது; அதன் கோப்பு அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத முடியும்படி இருக்க வேண்டும். பிழைச் செய்திகள் ஒரு பதிவுக் கோப்பில் விழும்படி வையுங்கள். அது இல்லாமல் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

இனி தமிழ் எழுத்து. ‘வே’ என்பதைக் கணினி ‘வ’ முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் நூலகத்தின் வேலை. அது இல்லாத இடத்தில் கொம்பு பின்னாலேயே நின்று அடுத்த ‘ரி’யோடு ஒட்டிக்கொள்ளும்; காவேரி ‘காவரேி’ ஆகிவிடும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. எஃப்எஸ்வெப்கேமில் தலைப்புப் பட்டையை அணைத்துவிட்டு, படத்தை மட்டும் எடுங்கள். எழுதும் வேலையை இமேஜ்மேஜிக் என்ற படத் திருத்த நிரலிடம் விடுங்கள். அதன் பதிப்புத் தகவலில் துணை நூலகப் பட்டியல் வரும். அதில் ராக்ம் அல்லது பாங்கோ என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் இருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு ஒழுங்காக வரும். 1280×720 படத்துக்கு 28 அளவு போதும். கீழே கறுப்புப் பட்டை சேர்த்து அதில் எழுதினால் தண்ணீர்மேல் எழுத்து விழாது.

எழுத வேண்டியது படம் எடுத்த நேரம், ஏற்றிய நேரம் அல்ல. பை 4-ல் மின்கலம் வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், நெட் கிடைத்துச் சரிசெய்யும்வரை பழைய நேரத்தையே காட்டும். ஒரு டிஎஸ்3231 கடிகாரத் துணுக்கு மாட்டுங்கள். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். தப்பான நேரம் எழுதிய படத்துக்கு எழுதாத படமே மேல்.

ஏற்றும்போது தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுசாகப் போன பிறகு பெயர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவருக்குப் பாதிப் படம் கிடைக்கும்.

சிம் டேட்டா எவ்வளவு ஆகும்? என் படங்கள் இருட்டாகவும் வருகின்றன.
– வாசகர், பாலக்கோடு

மேலே சொன்ன க்ரான் வரி காலை 6 முதல் மாலை 6.55 வரை ஓடும். நாளுக்கு 156 படம். ஒரு படம் 120 கேபி என்று வைத்தால் 19 எம்பிக்குள், மாதம் 560 எம்பி சுமார்.

இருட்டுக்குக் காரணம், கேமரா விழித்ததும் வரும் முதல் சில படங்கள். வெளிச்சத்துக்கு அது பழகச் சற்று நேரம் வேண்டும். ஒவ்வொரு முறையும் முதல் 20 படங்களைத் தள்ளிவிட எஃப்எஸ்வெப்கேமிடம் சொல்லுங்கள். அப்படியும் இருட்டு என்றால் கேமரா சூரியனைப் பார்த்து இருக்கிறது. வடக்கு நோக்கித் திருப்புங்கள்.

பசுமைக்குடிலில் கேமராவுக்கு 20 மீட்டர் யூஎஸ்பி கேபிள் இழுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

வேண்டாம். சாதாரண யூஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. பையையே கேமரா பக்கத்தில் வைத்து, நீளத்தை நெட்வொர்க் கேபிளில் ஓட்டுங்கள். அது 100 மீட்டர் தாங்கும். மின்சாரத்தை மட்டும் மோட்டார் லைனிலிருந்து எடுக்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் இறங்கி பை திடீரென மறுதொடக்கம் ஆகும், மெமரி கார்டும் கெடும்.