பட்டாளத்துக்காரர் பதில்கள்: துப்பாக்கி, ஓட்டு, பென்ஷன்

(மெட்ராஸ் ரெஜிமென்ட்ல சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆகி இப்ப வேலூர் பக்கம் சொந்த ஊர்ல விவசாயம் பார்க்கறவர், இந்த இதழ்ல வாசகர் கேள்விகளுக்கு பதில் சொல்றார்.)

ஐயா, எங்க அப்பா அம்மா காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டுல தனியா இருக்காங்க. 2025ல சிவகிரி பக்கம் வயசான தம்பதியை கொன்னதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல. அப்பாவுக்கு துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துத் தரலாமான்னு பார்க்கறேன். - ஒரு வாசகர், பெங்களூரு

தம்பி, உங்க பயம் நியாயமானது, அதை யாரும் லேசா எடுத்துக்க முடியாது. லைசென்ஸ் வாங்க சட்டத்துல வழி இருக்கு, 1959 ஆயுதச் சட்டப்படி கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கணும், போலீஸ் விசாரணை நடக்கும், உயிருக்கு ஆபத்து இருக்குன்னு காரணம் காட்டணும், கொடுத்தா 5 வருஷத்துக்கு செல்லும். ஆனா நான் சொல்றது வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் குரைக்குது, கரெண்ட் இல்ல, உங்க அப்பா எழுந்து கண்ணாடி தேடி, பீரோ சாவி தேடி, டபுள் பேரல் எடுத்து கார்ட்ரிட்ஜ் போட்டு நிமிர்றதுக்குள்ள வந்தவன் ரூமுக்குள்ள நிப்பான், அப்புறம் அந்த துப்பாக்கி யார் கைல இருக்கும்னு யோசிங்க. சரி, எப்பவும் லோடு பண்ணியே தலைமாட்டுல வச்சுக்கலாம்னா லீவுக்கு வர்ற பேரப்புள்ளைங்க இருக்கு. இருட்டுல பதட்டத்துல சுட்டா எதிர்ல நிக்கறது திருடனா, தண்ணி பாய்ச்ச வந்த பக்கத்து தோட்டத்துக்காரரான்னு தெரியாது. தற்காப்புக்கு சுட சட்டம் இடம் கொடுக்குது, ஆனா அந்த அளவு ஆபத்து அந்த நேரத்துல இருந்துச்சுன்னு அப்புறம் கோர்ட்ல நின்னு விளக்கணும், அந்த வயசுல அது பெரிய பாரம்.

ராணுவத்துல எங்களுக்கு துப்பாக்கி பிடிக்க சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி அதை வைக்க சொல்லிக் கொடுப்பாங்க. வேலை முடிஞ்சா புல்த்ரூங்கற கயித்துல சிந்தி துணின்னு ஒரு துண்டுத் துணி போட்டு பேரலை தொடைச்சு, எண்ணெய் விட்டு, கோத்துல, அதாவது ஆயுத அறைல, நம்பர் பார்த்து ஒப்படைச்சு கையெழுத்து போட்டாதான் அடுத்த வேலை. ஃபயரிங் ரேஞ்சுல சுட்டு முடிச்சதும் மண்ணுல குனிஞ்சு காலி கோக்கா, அதாவது சுட்ட தோட்டாவோட வெறும் கூடு, ஒண்ணு விடாம பொறுக்கி எண்ணிக் கொடுக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் மொத்த கம்பெனியும் வெயில்ல நின்னு தேடும், கடைசில ஒவ்வொருத்தனும் என்கிட்ட ரவுண்டும் (சுடாத தோட்டா) இல்ல, காலி கோக்காவும் இல்லன்னு சத்தமா சொல்லிட்டுதான் இடத்தை விட்டு நகரணும். இத்தனை பேர் இத்தனை கண்ணு வச்சுப் பார்த்துக்கற பொருளை ஒரு வயசான மனுஷன் தலைமாட்டுல தனியா விட்டுட்டு வர்றதுக்கு எனக்கு மனசு வரல.

நான் உங்க இடத்துல இருந்தா வீட்டைச் சுத்தி லைட்டும் இன்வெர்ட்டரும் போடுவேன், கேமரா வைப்பேன், ரெண்டு நாய் வளர்ப்பேன், படுக்கற ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கனமான கதவு வைப்பேன், அமுக்கினா பக்கத்து நாலு தோட்டத்துக்கும் கேக்கற மாதிரி ஒரு சைரன் வைப்பேன். நகையை லாக்கர்ல வச்சுட்டு அது ஊருக்குத் தெரியற மாதிரி பேசச் சொல்வேன். ஸ்டேஷன்ல சொல்லி ராத்திரி ரோந்து உங்க வழியா வருதான்னு கேட்டுக்கோங்க. முடிஞ்சா அவங்களை உங்ககூடவே கூட்டிட்டு போயிடுங்க, தோட்டத்தை விட்டு வர மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் கேளுங்க.

அமெரிக்கா மாதிரி எல்லாரும் துப்பாக்கி வச்சுக்கலாம்னு விட்டா நம்ம ஊர்லயும் ரவுடிங்க பயப்படுவாங்க இல்ல? - கல்லூரி மாணவர், ஆம்பூர்

மாட்டாங்க தம்பி. துப்பாக்கி எல்லார் கைலயும் வந்தா முதல்ல அவன் கைலதான் வரும், அவன் சுடப் பழகுவான், நீங்க காலேஜ் போயிட்டு வந்து பழக முடியாது. அங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு துப்பாக்கிக்காரன் வந்தா எப்படி ஒளியணும்னு ட்ரில் நடத்தறாங்க, எங்களுக்கு நடந்த ட்ரில் அஞ்சாங்கிளாஸ் குழந்தைக்கு. நம்ம நாட்டுல 2019ல சட்டத்தைத் திருத்தி ஒருத்தர் 3 துப்பாக்கி வரைக்கும் வச்சுக்கலாம்னு இருந்ததை 2ன்னு குறைச்சாங்க, எனக்கு அது ரொம்ப சரியா பட்டுச்சு. நம்ம பக்கம் வரப்புச் சண்டைல அரிவாள் எடுக்கறவன் மறுநாள் ஆஸ்பத்திரில போய் அழறதைப் பார்த்திருக்கேன், வெட்டுப்பட்டவன் பிழைச்சிருப்பான். அவன் கைல துப்பாக்கி இருந்திருந்தா அழுதும் பிரயோஜனம் இல்ல.

தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு பத்தி ஒரு சிப்பாயா என்ன நினைக்கறீங்க? - ஒரு வாசகி, திருநெல்வேலி

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தோட நூறாவது நாள். 13 பேர் செத்தாங்கம்மா. போலீஸ்காரர் வேன் மேல ஏறி நின்னு குறி பார்க்கற அந்த வீடியோவை என்னால முழுசா பார்க்க முடியல, ஏன்னா அங்க இருந்த எஸ்எல்ஆர் ரைஃபிளை நானும் சுமந்திருக்கேன். தோட்டாவோட அஞ்சு கிலோ கிட்ட வரும், 7.62 ரவுண்டு, 300 மீட்டர் தள்ளி நிக்கற எதிரியைச் சாய்க்கறதுக்குன்னு செஞ்ச பொருள். ஒரு உடம்பைத் துளைச்சு பின்னாடி நிக்கறவனையும் அடிக்கும். அதைக் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவுல கொண்டு போயிருக்கவே கூடாது.

கலவரத்தை அடக்க ராணுவத்தைக் கூப்பிட்டாலே மாஜிஸ்திரேட் எழுதிக் கொடுக்கணும், முதல்ல எச்சரிக்கணும், சுட வேண்டி வந்தா தாழ்வா குறி வைக்கணும், கூட்டம் கலைய ஆரம்பிச்ச நொடியே நிறுத்தணும், அப்புறம் ஒவ்வொரு ரவுண்டுக்கும் கணக்கு சொல்லணும். தன் சொந்த ஜனத்து மேல சுடறோம்னு பயந்து பயந்து செய்யணும்ங்கறதுக்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அந்த துப்பாக்கிச்சூடு தேவையே இல்லாததுன்னு சொல்லி, போலீஸ் அதிகாரிங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு பரிந்துரை பண்ணி, 2022ல அறிக்கை சட்டமன்றத்துலயே வச்சாச்சு. சுட்டவங்களும் சுடச் சொன்னவங்களும் கோர்ட்ல நின்னு பதில் சொல்லணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

நீங்க எந்தக் கட்சி? தேர்தல் நேரத்துல ராணுவத்தைப் பத்தி எல்லா கட்சியும் பேசுதே? - ஒரு வாசகர், குடியாத்தம்

ஓட்டு போடறேன், யாருக்குன்னு என் மனைவிக்கும் தெரியாது. சர்வீஸ்ல இருக்கறப்ப கட்சிக் கூட்டம் பக்கமே போகக் கூடாதுன்னு ஆர்மி ரூல்ஸ்ல இருக்கு, ரிட்டயர் ஆனா எந்தக் கட்சிலயும் சேரலாம், சேர்றவங்களை நான் தப்பு சொல்லல, ஒரே வேண்டுகோள், மேடைல யூனிஃபார்மையும் மெடலையும் காட்டி ஓட்டு கேக்காதீங்க, அது உங்களோடது மட்டும் இல்ல, திரும்பி வராத பையன்களுக்கும் அதுல பங்கு இருக்கு. 2019ல தேர்தல் கமிஷனே படைவீரர் படத்தைப் பிரசாரத்துல போடாதீங்கன்னு எல்லா கட்சிக்கும் சொல்லுச்சு, அப்படியும் பேனர்ல போட்டாங்க, பல தளபதிங்க உட்பட நூத்துக்கும் மேல முன்னாள் வீரர்கள் ஜனாதிபதிக்கு கடிதம் எழுத வேண்டி வந்துச்சு.

படத்தைப் போடற கட்சிங்க எங்க பென்ஷனுக்கு எவ்வளவு இழுத்தடிச்சாங்கன்னும் சொல்லணும். எப்ப ரிட்டயர் ஆனாலும் ஒரே ரேங்க்குக்கு ஒரே பென்ஷன் வேணும்னு கேட்டு வயசானவங்க 2015ல டெல்லி ஜந்தர் மந்தர்ல மாசக்கணக்கா உக்காந்தாங்க, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் போலீஸ் வந்து அவங்களை இழுத்துத் தள்ளுச்சு, செப்டம்பர் 5ம் தேதிதான் அறிவிப்பு வந்துச்சு, அதுவும் கேட்ட மாதிரி வருஷா வருஷம் திருத்தம் இல்ல, 5 வருஷத்துக்கு ஒரு தடவை. கொடுத்ததுக்கு நன்றி சொல்றேன், கொடுக்க வச்சது அந்த வயசானவங்க.

ஆபரேஷன் சிந்தூர் அப்ப இன்னும் நாலு நாள் அடிச்சிருந்தா பாகிஸ்தான் கதையே முடிஞ்சிருக்குமே, ஏன் நிறுத்தினாங்க? - ஒரு வாசகர், சேலம்

பஹல்காம்ல 26 பேரைக் கொன்னதுக்கு பதில் கொடுத்தே ஆகணும்னுதான் நானும் நினைச்சேன். மே 7 அடி கொடுத்தோம், 10ம் தேதி நின்னுச்சு. அந்த நாலு நாள்ல நம்ம வீட்டு டிவில கராச்சியே எரிஞ்சு போச்சுன்னு கத்தினாங்க, அதே நேரம் எல்லை ஓரத்துல இருக்கற பூஞ்ச்ல நிஜமாவே ஷெல் விழுந்து நம்ம ஜனங்க, குழந்தைங்க உட்பட, வீட்டுக்குள்ளயே செத்தாங்க. முடிச்சிருக்கலாம்னு சொல்றவங்க பெரும்பாலும் எல்லைல இருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கறவங்க. எல்லைல பங்கர் தோண்டின எவனும் இன்னும் நாலு நாள்னு கேட்டு நான் கேள்விப்பட்டதில்ல.

பையன் அக்னிவீர்ல சேரணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறான். அனுப்பலாமா? - ஒரு அம்மா, அணைக்கட்டு

எங்க பக்கம் பாதி வீட்ல இதே பேச்சுதான்மா. அக்னிவீர்னா நாலு வருஷ ராணுவ வேலை, கணக்கை முதல்ல பாருங்க. முதல் வருஷம் மாசம் 30,000, நாலாவது வருஷம் 40,000, அதுல 30 சதவீதம் பிடிச்சுக்கிட்டு அரசாங்கமும் அதே அளவு போட்டு, நாலு வருஷம் முடிஞ்சா வட்டியோட 11.71 லட்சம் கிட்ட வரும். சேர்ந்த பையன்கள்ல 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் தொடர்ந்து வச்சுக்குவாங்க. மத்தவங்களுக்கு பென்ஷன் இல்ல, எக்ஸ் சர்வீஸ்மேன்ங்கற பேரும் இல்ல.

எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கல, மனசார சொல்றேன். ஒரு பையன் செக்ஷன்ல, அதாவது தன் சின்னப் படைக்குழுல, ஒண்ணா கலந்து, பனில நிக்கப் பழகி, பக்கத்துல இருக்கறவன் மூச்சு சத்தத்தை வச்சே அவனுக்கு முடியலன்னு கண்டுபிடிக்கற நிலைமைக்கு வர்றதுக்கே மூணு நாலு வருஷம் ஆகும், அப்பத்தான் அவனை வீட்டுக்கு அனுப்பறாங்க. ஆனா உங்க பையன் மேல எனக்கு மரியாதை. போகட்டும், ஒரு நிபந்தனையோட. போறதுக்கு முன்னாடி ப்ளஸ் டூ முடிக்கணும், உள்ள போனதும் ஓப்பன் யுனிவர்சிட்டில ஒரு டிகிரில சேரணும், டிரைவிங், எலக்ட்ரிகல்னு கையில எது கிடைக்குதோ அதைக் கத்துக்கணும். வர்ற 11 லட்சத்துல காரோ கல்யாணமோ வேண்டாம்னு இப்பவே பேசி வைங்க.

தீபாவளிக்கு பேரனுக்கு பொட்டு வெடி துப்பாக்கி வாங்கித் தருவீங்களா? - ஒரு வாசகி, வேலூர்

தருவேன். மனுஷன் மேல நீட்டினா வாங்கி வச்சுடுவேன்.

உங்க கேன்டீன் கோட்டா பாட்டில் ரெண்டு தரக் கூடாதான்னு ஊர்ல கேக்கறாங்களாமே? - ஒரு வாசகர், கணியம்பாடி

கேக்கறாங்க, தர மாட்டேன். அது சிப்பாய்க்குன்னு வரிச் சலுகைல கொடுக்கறது, அதை வெளில விக்கறவங்களால மொத்த பேருக்கும் கெட்ட பேர்.

வீட்டுக்காரர் ராணுவத்துல நாயக் ரேங்க்ல இருந்து ரிட்டயர் ஆகி இறந்துட்டார். பிபிஓல (பென்ஷன் ஆணைல) என் பேர் ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி இருக்குன்னு குடும்ப பென்ஷன் நின்னு போச்சு. - ஒரு வாசகி, திருப்பத்தூர்

இது நிறைய வீட்ல நடக்குதும்மா, அந்தக் காலத்துல கிளார்க் காதுல விழுந்த மாதிரி பேரை எழுதிட்டாங்க. ஏஜென்ட் யார்கிட்டயும் பணம் கொடுக்காதீங்க. உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு போங்க, டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, இறப்புச் சான்று, ஆதார், பாங்க் பாஸ்புக், ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஒரு அஃபிடவிட், எல்லாத்துக்கும் மூணு காப்பி. அவங்க மூலமா ரெஜிமென்ட்டோட ரெக்கார்ட் ஆபீஸுக்கு மனு போகும், பேர் திருத்தி புது பிபிஓ வரும். மனு கொடுத்த அன்னைக்கே ரசீது நம்பர் வாங்கிக்கோங்க, மாசம் ஒரு தடவை கேட்டுக்கிட்டே இருங்க. பென்ஷன் திரும்ப வந்தப்புறம் வருஷா வருஷம் லைஃப் சர்டிஃபிகேட்டை மறக்காம கொடுத்துடுங்க, இல்லன்னா மறுபடியும் நிறுத்திடுவாங்க.