காரணம் எழுதும் இடம்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கடன், உதவித்தொகை மாதிரியான விண்ணப்பங்களை அலசி, விண்ணப்பித்தவர் தகுதியானவரா, பொய் சொல்கிறாரா என்று மதிப்பெண் போடும் ஏஐ ஒன்றை எங்கள் குழு செய்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் ஏஐக்குத் தனிச்சட்டமே வந்துவிட்டது. இந்தியாவில் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். கட்டுப்பாடு வந்தால் புதுமை செத்துவிடும் என்பதுதான் எங்கள் ஆபீஸ் பேச்சு. கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஏஐ ஒருநாள் மனிதனையே அழித்துவிடும் என்றும் படிக்கிறேன். நமக்குத் தனிச்சட்டம் வேண்டுமா? எழுத்தாளர்களின் புத்தகங்களை ஏஐக்குத் தீனியாகப் போடுவது பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆசை.

எனக்குக் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை. நாங்கள் மதிப்பெண் மட்டும்தான் தருகிறோம், முடிவு அதிகாரியுடையது. மதிப்பெண் எப்படி வந்தது என்று விளக்கினாலும் சாமானிய மக்களுக்குப் புரியப்போவதில்லை. ஆனாலும் போன வாரம் சோதனைத் தரவில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

போன மாதம் வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்றை ஒழித்தபோது என் பெரியம்மாவின் தாள் ஒன்று கிடைத்தது. அதை மேஜையிலேயே வைத்துக்கொண்டு, இதைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் வழக்கத்துக்கு மாறாக உடனே பதில்.

முதலில் சிலவற்றை ஓரமாக வைத்துவிடுகிறேன். ஏஐ மனிதகுலத்தை அழிக்குமா என்பதைப் பற்றிக் கவலைப்பட நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் படட்டும். புதுமை செத்துவிடும் என்பதை மாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்தபோதும் சொன்னார்கள், காருக்கு சீட் பெல்ட் வந்தபோதும் சொன்னார்கள். மாத்திரையும் இருக்கிறது, காரும் ஓடுகிறது. என் புத்தகங்களைப் பற்றி வேறொரு நாள்.

ஆனால் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, அவற்றை விடமாட்டேன். "நாங்கள் மதிப்பெண் மட்டும்தான் தருகிறோம்." "சாமானிய மக்களுக்குப் புரியப்போவதில்லை." தம்பி, இந்த இரண்டையும் படித்தபோது கோபம் வந்தது. நீங்கள் கெட்டவர் என்பதால் இல்லை. நல்ல பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த இரண்டே வருடத்தில் இப்படிப் பேசக் கற்றுக்கொண்டுவிடுகிறீர்கள் என்பதால்.

நெதர்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே குழந்தை பராமரிப்புக்கு அரசு உதவித்தொகை தருகிறது. யார் ஏமாற்றக்கூடும் என்று கண்டுபிடிக்க வரித்துறை ஒரு கணினி அமைப்பை வைத்திருந்தது. அது ஒவ்வொருவருக்கும் ஆபத்து மதிப்பெண் போடும். டச்சுக் குடியுரிமை உண்டா இல்லையா என்பதும் அந்தக் கணக்கில் ஒரு காரணி. அதிக மதிப்பெண் வந்த கோப்பை ஒரு ஊழியர் எடுத்துப் பார்ப்பார். ஆக, உங்கள் ஆபீசில் சொல்வதுபோல நடுவில் மனிதர் இருந்தார். ஆனால் ஏன் இவ்வளவு மதிப்பெண் என்பது அவருக்கே சொல்லப்படவில்லை. காரணம் தெரியாமல் ஒரு குடும்பத்தைச் சந்தேகப்படுவதுதான் அவருடைய வேலையாக இருந்தது. சட்டமும் இறுக்கம்: சின்னத் தவறு, விட்டுப்போன ஒரு கையெழுத்து, உடனே முழுத்தொகையையும் திருப்பிக் கட்டு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல்லாயிரம் யூரோ கடனில் விழுந்தன. நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டுத் தங்கள் கோப்பை வாங்கிய பெற்றோர் சிலருக்கு, பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசிய தாள்கள் வந்தன. 2021 ஜனவரி 15 அன்று, அப்போதைய பிரதமர் மார்க் ருத்தேயின் அரசு இதற்காகவே ராஜினாமா செய்தது. அரசு போனது, சரி. அந்தக் கறுப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

என் பெரியம்மாவின் தாளில் கறுப்பு மை இல்லை.

பெரியம்மா 31 வயதில் விதவையானவர். பிள்ளை கிடையாது. 1983-ல் விதவை பென்ஷனுக்கு மனு போட்டார். மனு தள்ளுபடி. வந்தது அரைத்தாள், தட்டச்சு செய்தது. "மனுதாரருக்கு வயது வந்த மகன் இருப்பதாலும், அவர் மனுதாரரைப் பராமரித்து வருவதாக விசாரணையில் தெரியவருவதாலும் மனு நிராகரிக்கப்படுகிறது." கீழே பச்சை மையில் கையெழுத்து, பெயர், தேதி. அந்த வயது வந்த மகன் என் அண்ணன். பாலிடெக்னிக் பக்கம் என்பதால் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். விசாரிக்க வந்தவர் திண்ணையில் அவனைப் பார்த்துவிட்டு, மகன் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பெரியம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாவது தடவை படித்துவிட்டு, "இவன் என் மகன் இல்லையே, தங்கச்சி மகன்ல?" என்றார். அவ்வளவுதான். அண்ணனுடைய எஸ்எஸ்எல்சி புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். அதில் அப்பா பெயர் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவரின் மேஜைக்கே போய், "இந்தக் காரணம் தப்பு" என்றார். நான்கு மாதத்தில் மணியார்டர் வந்தது. சாமானியருக்குப் புரியாது என்கிறீர்களே, இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? தன் வாழ்க்கையைப் பற்றிய ஒரு பொய்யை வேறு யாரால் அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்? அதிகாரிக்கும் தெரியாது, உங்கள் ஏஐக்கும் தெரியாது. கோப்பில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குக் காரணத்தைச் சொல்லாமல் விடுவது, திருத்தத் தெரிந்த ஒரே ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது.

2017-ல் அதே பென்ஷன் நின்றுபோனது. இந்த முறை தாள் எதுவும் வரவில்லை. நான்தான் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனேன். "சிஸ்டத்துல பேர் வரல பாட்டி" என்றார்கள். ஏன் வரவில்லை? அது சென்னைக்குத்தான் தெரியும். சென்னையில் யாருக்கு? கவுண்டரில் இருந்த பெண் நல்லவர், தண்ணீர் கொடுத்தார், நாற்காலி போட்டார், அவருக்கும் தெரியாது. பதினொரு மாதம் அலைந்தோம். பெரியம்மா ஒவ்வொரு முறையும் அந்த 1983 தாளைக் கையில் கொண்டுவருவார், காரணம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்காக. பன்னிரண்டாம் மாதம் இறந்துபோனார். ஏன் நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கே ஏஐ இருந்ததா, வெறும் பதிவுப் பிழையா, யாராவது கைதவறி நீக்கினார்களா, எதுவுமே தெரியாது.

நான் சட்டத்தைப் பற்றி யோசிப்பது இங்கிருந்துதான். உள்ளே இருந்தது ஏஐயா இல்லையா என்பதால் பெரியம்மாவுக்கு என்ன வித்தியாசம்? ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று ஒரு திட்டம். வருட வருமானத்தை 26-ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சராசரி போட்டு, நீ இந்தந்த வாரம் இவ்வளவு சம்பாதித்திருக்கிறாய், உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு என்று லட்சக்கணக்கானவர்களுக்குக் கடிதம் போனது. ஆறு மாதம் வேலை பார்த்து ஆறு மாதம் சும்மா இருந்தவருக்கு அந்தச் சராசரி அப்பட்டமான பொய். தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில். 2023-ல் விசாரணை ஆணையம் அதை நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று எழுதியது. அதில் ஏஐ எங்கே இருந்தது? பள்ளிக்கூட வகுத்தல் கணக்கு! 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், தரவிலிருந்து தானாக ஊகித்து முடிவுக்கு வரும் அமைப்பைத்தான் ஏஐ என்கிறது. மனிதர் எழுதிக்கொடுத்த விதியை அப்படியே ஓட்டும் நிரல் அதில் அடங்காது. இயந்திரம் எவ்வளவு புத்திசாலி என்று அளந்து சட்டம் போட்டால், முட்டாள் இயந்திரங்கள் தப்பித்துவிடும். ஏழைகளை அதிகம் வதைப்பது அவைதான்.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று 86-ஆம் பிரிவு. ஆபத்து அதிகம் என்று பட்டியலிட்ட ஏஐ அமைப்பை வைத்து உங்களைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை எடுத்தால், அந்த முடிவில் அதன் பங்கு என்ன என்று தெளிவான விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. அரசு உதவித்தொகையைத் தீர்மானிக்கும் அமைப்புகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

உங்கள் "மதிப்பெண் மட்டும்தான்" என்பதற்கும் ஐரோப்பிய நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. ஜெர்மனியில் ஷூஃபா என்ற நிறுவனம் கடன் மதிப்பெண் போடுகிறது. நாங்கள் எண்ணைத்தான் தருகிறோம், கடன் மறுப்பது வங்கி என்றுதான் அவர்களும் வாதாடினார்கள். வங்கி அந்த எண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுக்கிறது என்றால் மதிப்பெண் போடுவதே முடிவெடுப்பதுதான் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அப்புறம் 2025 பிப்ரவரியில் இன்னொன்று: மாதம் 10 யூரோ மொபைல் இணைப்பு மறுக்கப்பட்ட ஆஸ்திரியக்காரர் ஒருவரின் வழக்கு. ஒரு சூத்திரத்தைத் தூக்கிக் கையில் கொடுத்தால் அது விளக்கம் ஆகாது, அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்தியாவுக்கு வருகிறேன், நீங்கள் கேட்டது அதுதானே. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கம் கேட்கும் இந்த உரிமை இல்லை. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஏஐ வழிகாட்டுதல்கள் தனிச்சட்டம் இப்போது வேண்டாம், இருக்கிற சட்டங்கள் போதும் என்கின்றன. தமிழ்நாடு 2020-லேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த ஏஐக்கு என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. கொள்கையை வைத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது. ஆனால் நம்மிடம் மறந்துபோன சட்டம் ஒன்று இருக்கிறது: 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(டி). பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் நிர்வாக முடிவுகளின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். கேட்டால் தருவது இல்லை தம்பி, தானாகவே தர வேண்டும். முடிவெடுத்தது மனிதரா கணினியா என்ற பேச்சே அதில் இல்லை. தெலங்கானாவில் 2014-க்கும் 2019-க்கும் இடையே 18 லட்சத்துக்கு மேல் உணவு அட்டைகள் ரத்தாயின. பல துறைகளின் பதிவுகளைக் கோத்துப் பார்க்கும் சமக்ர வேதிகா என்ற கணினி அமைப்பும் அதற்குப் பயன்பட்டது. ஹைதராபாத்தில் ரிக்‌ஷாக்காரர் ஒருவரின் குடும்பத்துக்கு அரிசி நின்றது, அவர் பெயரைப் போன்ற பெயருள்ள வேறொருவரிடம் கார் இருந்ததால். ரத்தான அட்டைகளை வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கச் சொல்லி 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. "உங்கள் பெயரில் கார் இருக்கிறது" என்று ஒரு வரி முதலிலேயே கையில் வந்திருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கும்? என் பெரியம்மா செய்ததைத்தான்.

தனிச்சட்டம் வேண்டுமா என்றால், வரட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் முதல் பிரிவு இதுவாக இருக்க வேண்டும்: காரணம் எழுதாத மறுப்பு செல்லாது. சம்பந்தப்பட்டவரின் மொழியில், பொறுப்பேற்கும் ஓர் அதிகாரியின் பெயரோடும் கையெழுத்தோடும். அதுவரை பணத்தை நிறுத்தக்கூடாது.

தூக்கம் வராதது நல்ல விஷயம்தான். வேலையை விட்டுவிடுகிறேன் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதாதீர்கள், நீங்கள் போனால் அந்த நாற்காலியில் தூக்கம் வருகிறவர் யாராவது உட்காருவார். ஒன்று செய்யுங்கள். நீங்கள் செய்யும் அமைப்பில் அதிகாரி பார்க்கிற திரை இருக்குமே, அதில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதா? அதை நிரப்பாமல் "நிராகரி" பொத்தான் வேலை செய்யுமா? திங்கட்கிழமை பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் ஊர் எது என்றும் எழுதுங்கள்.