சேனாபதிக்கு வீடு இல்லாமல் போனது – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘இந்தியன் 2’ படத்தை இப்போதுதான் ஓடிடியில் பார்த்து முடித்தேன். கமல், சித்தார்த், எஸ்.ஜே.சூர்யா, சமுத்திரக்கனி, பாபி சிம்ஹா; ஒளிப்பதிவு ரவி வர்மன், எடிட்டிங் ஸ்ரீகர் பிரசாத், இசை அனிருத். எல்லாருமே வேலை தெரிந்தவர்கள். அப்புறம் எப்படிப் படம் இப்படிப் படுத்தது? இயக்குநர் ஷங்கருக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

வயது ஒரு காரணமே இல்லை. 1996-இல் வந்த முதல் ‘இந்தியன்’ படத்தை மறுபடி போட்டு, லஞ்சம் வாங்குபவர்களைக் கொல்லும் கிழவர் சேனாபதி (கமல்) எதையெல்லாம் இழக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். தீக்காயத்தோடு கிடக்கும் மகள் கஸ்தூரியின் சிகிச்சைக்கு லஞ்சம் கேட்கிறார்கள். அவர் கொடுக்க மறுக்கிறார், மகள் சாகிறாள். பிறகு மகன் சந்துரு, பிரேக் சரியில்லாத பேருந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு எஃப்.சி. (தகுதிச் சான்று) கொடுக்கிறான், பள்ளிப் பிள்ளைகள் சாகிறார்கள். கடைசியில் அந்த மகனையே அவர் கொல்ல வேண்டிவருகிறது. அவருடைய கொள்கைக்கான விலை முழுக்க அவர் வீட்டிலிருந்தே போகிறது. அவர் கையாளும் வர்மக் கலைக்கு நாம் கை தட்டியது அதனால்தான்.

இரண்டாம் பாகத்தில் அந்த விலையைக் கொடுப்பது வேறொரு வீடு. அவரவர் வீட்டு ஊழலை முதலில் சுத்தம் செய்யுங்கள் என்று சேனாபதி சொல்கிறார். சித்தார்த் தன் அப்பாவையே மாட்டிவிடுகிறான். அம்மா உயிரை விடுகிறாள். நல்ல முடிச்சு, முதல் பாகத்துக்கு ஈடாக நிற்கக்கூடியது. ஆனால் சேனாபதிக்கு இதில் போனது என்ன? தைபேயிலிருந்து வருகிறார், வேஷம் போடுகிறார், கொல்கிறார், நேரலையில் பேசுகிறார். ஒவ்வொரு கொலைக்கும் ஒரு மாளிகை செட், ஒரு குற்றப்பட்டியல், ஒரு சொற்பொழிவு. இரண்டாவது கொலையிலேயே வரிசை நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. அந்த ஒற்றைச் சக்கர வண்டித் துரத்தலை அப்படியே எடுத்துவிட்டாலும் கதையில் ஒரு நூல்கூட அறுபடாது.

நட்சத்திரக் கூட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆளுக்கு ஓர் அறிமுகம், ஒரு நல்ல வசனம், ஒரு விடைபெறல் என்று வெறும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பத்துப் பேருக்கு ஐம்பது நிமிடம் ஆச்சு. மூன்று மணி நேரப் படத்தில் அது சிறிய தொகையில்லை.

போதாததற்கு, கதையை நடுவில் வெட்டி மூன்றாம் பாகத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வில்லன் எஸ்.ஜே.சூர்யா தலையைக் காட்டிவிட்டுப் போகிறார். காஜல் அகர்வால் வருவதே கடைசியில் ஓடும் அடுத்த பாகத்தின் ட்ரெய்லரில்தான். வில்லனோடு மோதல் இல்லாத படத்துக்கு முடிவு எங்கிருந்து வரும்? வெளியான சில நாளில் 12 நிமிடம் குறைத்தார்கள். நீளம்தான் நோய் என்றால் அது மருந்தாகியிருக்கும்.

படப்பிடிப்பு பட்ட பாட்டையும் மறக்க வேண்டாம். 2019-இல் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு ஊரடங்கு, தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் வழக்கு. 2022 ஆகஸ்டில்தான் மறுபடி தொடங்க முடிந்தது. இதற்கிடையே 2021-இல் படத்தில் நடித்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் மறைந்தார்கள். இப்படி இழுக்கும் படங்களில் முதலில் அடிபடுவது காம்பினேஷன் கால்ஷீட், அதாவது சேர்ந்து நடிக்க வேண்டியவர்கள் ஒரே நாளில் தரும் தேதி. இரண்டு பெரிய நடிகர்கள் ஒரே நாளில் கிடைக்காவிட்டால், எதிரெதிரே நின்று பேச வேண்டிய காட்சி தொலைபேசிக்கு மாறும், அல்லது முதுகைக் காட்டும் டூப்போடு முடியும். இந்தப் படத்தில் எது எதனால் அப்படியானது என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். திரையில் தெரிவது இதுதான்: சேனாபதியும் சித்தார்த்தும் அவனுடைய நண்பர்களும் பெரும்பாலும் ஆளுக்கொரு படத்தில் இருக்கிறார்கள்.

அந்த அம்மாவின் சாவை இடைவேளைக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். மிச்ச ஒன்றரை மணி நேரமும் சேனாபதி அந்த வீட்டு வாசலில் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.