சேவ் ஃபைல் முதலில், பேட்டரி அப்புறம்

பழைய வீடியோ கேம் கேசட்டில் இருப்பதை கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைக்க முடியுமா என்று இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. அதிலும் பாதிக்கு மேல் வடசென்னைப் பக்கம் இருந்து வந்தவை. நானும் தண்டையார்பேட்டையில் டிவி கேம் ஆடி வளர்ந்தவன்தான், அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அப்பா கப்பலில் வேலை பார்த்தார். 2001-ல் சிங்கப்பூரில் இருந்து எனக்கும் அண்ணனுக்கும் கேம் பாய் கலர் ஒன்றும் போக்கிமான் கோல்டு கேசட்டும் வாங்கி வந்தார். அண்ணன் ஆடி வைத்தது இன்னும் அதில் இருக்கிறது. போன மாதம் போட்டுப் பார்த்தபோது அவன் பெயரோடு ஆட்டம் தொடர்ந்தது, ஆனால் ஆட்டத்துக்குள் இருக்கும் கடிகாரம் மட்டும் தப்பாக ஓடுகிறது. தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர், பேட்டரி வீக், இருபது நிமிஷத்தில் மாற்றித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, காசிமேடு)

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். மெக்கானிக் சொன்னது சரிதான், பேட்டரி சாகப் போகிறது. ஆனால் அதைக் கழற்றிய அடுத்த நொடியே உங்கள் அண்ணன் ஆடியது மொத்தமும் போய்விடும்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் கேசட்டுக்குள் இரண்டு வகை சிப் இருக்கிறது. ஆட்டம் இருப்பது ரோம் சிப்பில். அது தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பியது, கரண்ட் இல்லாமல் எத்தனை வருஷம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். நீங்கள் சேவ் செய்தது, அதாவது ஆட்டத்தில் எதுவரை வந்தீர்கள் என்ற பதிவான சேவ் ஃபைல், இருப்பது இன்னொரு சிப்பில், அது ராம் வகை, அதற்கு எப்போதும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். கேம் பாய் அணைந்திருக்கும்போது அந்தக் கரண்டைக் கொடுப்பது உள்ளே பற்றவைத்திருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான். போக்கிமான் கோல்டில் கூடுதலாக ஒரு கடிகாரமும் ராத்திரி பகல் பார்க்காமல் அதே பேட்டரியில் ஓடுவதால், கடிகாரம் இல்லாத கேசட்டுகளைவிட இதில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்களுடையது இவ்வளவு காலம் தாங்கியதே பெரிய விஷயம்.

அதனால் முதல் வேலை, சேவ் ஃபைலை கம்ப்யூட்டருக்கு எடுப்பது. கேம் பாய் கேசட்டைச் சொருகி யுஎஸ்பி வழியாகப் படிக்கும் ரீடர்கள் இப்போது கிடைக்கின்றன, ஜிபி ஆபரேட்டர், ஜிபிஎக்ஸ்கார்ட் இரண்டும் பலரும் பயன்படுத்துபவை. ஜிபிஎக்ஸ்கார்ட் வாங்கினால் ஃப்ளாஷ்ஜிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருளோடு ஓட்டலாம். திறந்ததும் ஆட்டத்தை நகல் எடுக்கப் போகாதீர்கள், சேவ் டேட்டாவை பேக்கப் எடுங்கள். வெறும் 32 கேபி, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். சேவ் ஃபைலைத் திரும்ப எழுதும் ரீஸ்டோர் பட்டனும் அதே திரையில்தான் இருக்கும், அவசரத்தில் அதை அழுத்திவிட்டால் கேசட்டில் இருப்பது அழிந்துவிடும், அதனால் அந்த ஒரு நிமிடம் பக்கத்தில் யாரையும் பேச விடாதீர்கள். அப்புறம் ஆட்டத்தையும் நகல் எடுங்கள், அது 2 எம்பி வரும். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே ஃபோல்டரில் வைத்து எம்ஜிபிஏ எமுலேட்டரில் (கம்ப்யூட்டரிலேயே கேம் பாய் ஆட்டத்தை ஓட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். அண்ணன் பெயர் வருகிறதா? வந்தால் அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவிலும் போட்டு, உங்கள் சொந்த ஆன்லைன் கணக்கிலும் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு மெக்கானிக்கிடம் போங்கள். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், காலில் தகடு வெல்டு செய்து வரும் பேட்டரியாக வாங்கிப் போட வேண்டும், பட்டன் பேட்டரி மேலேயே நேராக ஈயம் வைக்கக் கூடாது, சூட்டில் அது வெடிக்கவும் செய்யும். பேட்டரி மாற்றி வந்ததும் அதே ரீடரில் சேவ் ஃபைலைத் திரும்ப எழுதிவிடலாம். ஆட்டம் நேரம் கேட்டால் மறுபடி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அக்காவின் கேசட்டை நானே திறந்து, புது பேட்டரி போட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்து முதலில் அதைத்தான் செய்தேன். அவள் ஒரு கோடை லீவு முழுக்க ஆடியது அது. ஆட்டம் உலகத்தில் யாரிடமாவது இருக்கும், எப்படியாவது கிடைத்துவிடும். அக்கா ஆடியது அந்த ஒரு கேசட்டில்தான் இருந்தது.

பர்மா பஜாரில் 90-களில் வாங்கிய டிவி கேம் கேசட்டுகள் இருபது வைத்திருக்கிறேன், அதில் 'இத்தனை லட்சம் இன் 1' வகைதான் அதிகம். நிண்டெண்டோ கேசட் ரீடர் ஒன்று வரவழைத்தேன், ஒரு கேசட்கூட அதில் நுழையவில்லை. ஏமாந்துவிட்டேனா?
(வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

ஏமாறவில்லை, அளவு வேறு. நம் ஊரில் ஓடிய டிவி கேம்கள் பெரும்பாலும் 1983-ல் நிண்டெண்டோ ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் மெஷினின் நகல்கள், அதன் கேசட் விளிம்பில் மெஷினைத் தொடும் உலோகப் பின்கள் 60. அதையே அமெரிக்காவுக்கு என்இஎஸ் என்று மாற்றி அனுப்பியபோது 72 பின் ஆக்கிவிட்டார்கள். உங்கள் ரீடர் 72 பின்னுக்கானது. 60-ல் இருந்து 72-க்கு மாற்றும் அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது, அது போதும். சொருகும்போது முன்பக்கம் பின்பக்கம் பார்த்துச் சொருகுங்கள், திருப்பிப் போட்டு கரண்ட் கொடுத்தால் சிப் போய்விடும்.

ஆனால் உங்களுக்கு உண்மையான தலைவலி அதற்கு அப்புறம்தான். ஃபேமிகாமின் சிபியு, அதாவது அதன் மூளை சிப், கேசட்டின் ப்ரோகிராமை ஒரு நேரத்தில் 32 கேபி வரைதான் பார்க்க முடியும். சூப்பர் மரியோ பிரதர்ஸில் ப்ரோகிராம் 32, படங்கள் 8, மொத்தமே 40 கேபி, அதனால் அதில் சிக்கல் இல்லை. அதைவிடப் பெரிய ஆட்டம் என்றால், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்பவர் கண் முன்னால் கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போவது மாதிரி, ரோமின் துண்டுகளை மாற்றி மாற்றி சிபியு முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஒரு சிப் வேண்டும். அதற்கு மேப்பர் என்று பெயர். எந்த மேப்பர் என்று தெரிந்தால்தான் ரீடர் எல்லாப் பெட்டியையும் வரிசையாகப் படிக்கும், தப்பாகச் சொன்னால் முதல் பெட்டியையே திரும்பத் திரும்ப எழுதி வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும்.

ஒரிஜினல் கேசட்டுகளின் மேப்பர்கள் எல்லாம் பட்டியல் போடப்பட்டுவிட்டன. பஜார் கேசட்டைத் திறந்தால் சிப்பே தெரியாது, சர்க்யூட் பலகை மேல் கறுப்பாக எபாக்ஸி பிசின் பொட்டு ஒன்றுதான் இருக்கும், அதற்குள் என்ன மேப்பர் என்று மேலே எதுவும் எழுதியிருக்காது. ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். மெனுவில் லட்சக்கணக்கில் காட்டினாலும் உள்ளே சில ஆட்டங்கள்தான் வெவ்வேறு ஸ்டேஜில் இருந்து தொடங்கும், அதனால் நகல் சின்னதாக வந்தால் பயப்படாதீர்கள். நேரம் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் செய்யுங்கள். இந்த மெனுக்களும் அந்தப் பின்னணி இசையும் ஜப்பானில் வெளியான எந்தக் கேசட்டிலும் இல்லை, அவை நம்மைப் போன்ற ஊர்களில் விற்ற கேசட்டுகளில் மட்டும்தான் இருக்கின்றன, பொட்டு விரிசல் விட்டால் அதோடு சரி.

நகல் சரியாக வந்திருக்கிறது என்று எப்படி நிச்சயப்படுத்துவது? எமுலேட்டரில் முதல் ஸ்டேஜ் ஓடினால் போதுமா?
(கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

போதாது தம்பி. ஏழாவது ஸ்டேஜில் ஒரு பைட் தப்பாக இருந்தால் அங்கே போய்ச் சேரும் வரை தெரியாது. ஒரு தடவை நகல் எடுத்து, கேசட்டை வெளியே எடுத்து மறுபடி சொருகி இன்னொரு தடவை எடுங்கள், இரண்டின் ஹாஷும் (ஃபைலில் உள்ளதை வைத்துக் கணக்கிடும் அடையாள எண்) ஒன்றாக இருக்க வேண்டும். செவன்-ஜிப் போட்டிருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தாலே சிஆர்சி, எஸ்எச்ஏ என்ற ஹாஷ் வகைகளை எல்லாம் காட்டும். அந்த எண்ணை, சரியான நகல்களின் ஹாஷ் எண்களைத் திரட்டி வைத்திருக்கும் நோ-இன்ட்ரோ பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரிஜினல் கேசட் என்றால் பொருந்தும். கேம் பாயில் இன்னொரு வசதி, கேசட்டுக்குள்ளேயே செக்சம் என்ற சரிபார்ப்பு எண் எழுதியிருக்கிறது, ரீடரே சரிபார்த்துச் சொல்லிவிடும். ஃபேமிகாமில் அது கிடையாது.

ஹாஷ் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் பின்னில் அழுக்கு. ராயபுரம், காசிமேடு, உங்கள் பக்கம் எல்லாம் உப்புக் காற்று, பீரோவுக்குள் வைத்தாலும் பின் கறுத்துவிடும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சைத் தோய்த்து, பஞ்சு வெள்ளையாக வரும் வரை துடையுங்கள். உப்புத்தாளும் தின்னரும் வேண்டாம். நாம் எல்லோரும் செய்தது போல் வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் பட்டுப் பட்டே பின் அரித்துப்போகும்.

இப்படி நகல் எடுப்பது சட்டப்படி சரியா?
(வாசகர், பெரம்பூர்)

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஏஏ). சட்டப்படி ஒரு கம்ப்யூட்டர் ப்ரோகிராமின் பிரதியை வைத்திருப்பவர், அது தொலைவதில் இருந்தும் கெடுவதில் இருந்தும் காக்கத் தற்காலிகமாக பேக்கப் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நம் கையில் இருக்கும் ஒரிஜினல் கேசட்டுக்கு, நம் உபயோகத்துக்கு மட்டும். ஊருக்கே பங்கு போடுவதும் விற்பதும் அதில் வராது. பஜாரில் விற்றவை அனுமதி வாங்கி அடித்தவை அல்ல என்பதால் அவற்றுக்கு இந்தப் பிரிவு துணை வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து சேகா மெகா டிரைவ் கேசட்டுகள் ஒரு நாள் முழுக்க ஊறிவிட்டன. சோனிக் உட்பட ஐந்து. அன்றிலிருந்து பயந்து போட்டே பார்க்கவில்லை.
(வாசகர், எண்ணூர்)

போடாமல் வைத்திருந்தது நல்லது. சேறு காய்ந்த பலகையில் கரண்ட் கொடுத்திருந்தால்தான் ஆபத்து. உங்களுடையது சோனிக்கின் முதல் பாகம் என்றால் அதில் பேட்டரியே கிடையாது, போவதற்கு அதில் சேவும் இல்லை, ஆட்டம் ரோமில் பத்திரமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. திறந்து, அதே ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துப் பலகையின் இரண்டு பக்கமும் தேயுங்கள், பின்னில் பச்சை பிடித்திருந்தால் அங்கே கொஞ்சம் கூடுதலாக. நிழலில் இரண்டு நாள் காயட்டும். பிறகு மெகா டிரைவ் சொருகும் ரீடர் ஒன்றில் படியுங்கள், ஆர்டுயினோ மெகா என்ற சின்ன கண்ட்ரோல் போர்டு வைத்து நாமே கட்டிக்கொள்ளும் ஓபன் சோர்ஸ் கார்ட்ரிட்ஜ் ரீடர் இதற்குப் பொருத்தம். சோனிக் முதல் பாகம் 512 கேபி வர வேண்டும். மற்ற நான்கில் எதிலாவது பட்டன் பேட்டரி தெரிந்தால் அதைக் கழற்றாமல் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.