புது ஆண்ட்ராய்டு வந்த அன்றே போடலாமா? ஒத்துவராவிட்டால் பழையதற்குத் திரும்பலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு பாகம் இருக்கிறது. அன்றே போடலாமா என்றால், வேண்டாம், ஐந்தாறு வாரம் பொறுங்கள். திரும்பலாமா என்றால், முடியாது என்றே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பலரும் சிக்கிக்கொள்வது இந்த இரண்டாவதில்தான். "பிடிக்கலைன்னா பழசுக்கே போயிக்கலாம்" என்ற நம்பிக்கையில் பட்டனைத் தட்டிவிடுகிறார்கள். அதனால் அதையே முதலில் விளக்குகிறேன்.

2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7இலிருந்து பல போன்களில் சிஸ்டத்துக்கு ஏ, பி என்று இரண்டு ஸ்லாட், அதாவது தனித்தனி இடம், உண்டு. நீங்கள் ஏ ஸ்லாட்டில் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புது வெர்ஷன் பின்னணியில் பி ஸ்லாட்டில் எழுதப்படும். ரீஸ்டார்ட் செய்ததும் பி-யிலிருந்து எழும். சில முறை முயன்றும் எழ முடியாவிட்டால் தானாக ஏ-வுக்கே வந்துவிடும். சாம்சங் இந்த முறைக்கு வந்தது 2024இல், கேலக்ஸி ஏ55இல்தான். அதற்கு முந்தைய சாம்சங் போன்களில் ஒரே ஸ்லாட்.

"பழையதுதான் இன்னொரு ஸ்லாட்டில் பத்திரமாக இருக்கிறதே" என்று கேட்பீர்கள். இரண்டு பிரதி இருப்பது சிஸ்டத்துக்கு மட்டும். உங்கள் போட்டோ, மெசேஜ், காண்டாக்ட், ஆப்களின் தரவு எல்லாம் இருக்கும் யூசர்டேட்டா பகுதி ஒன்றே ஒன்றுதான். புது வெர்ஷன் முதல்முறை முழுதாக எழுந்ததும் அந்தத் தரவைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. எஸ்எம்எஸ், காண்டாக்ட் டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெர்ஷன் எண் உண்டு. உதாரணத்துக்கு அது 20இலிருந்து 21 ஆகிவிட்டது என்று வையுங்கள். 20ஐ மட்டும் தெரிந்த பழைய மென்பொருள் 21ஐத் திறக்க மறுத்து அங்கேயே கிராஷ் ஆகும். தரவைப் பூட்டி வைத்திருக்கும் சாவிகளும் ஓஎஸ் வெர்ஷனோடும் பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) தேதியோடும் பிணைக்கப்பட்டவை. ஒருமுறை புதியதற்கு ஏற்றிய சாவி பழைய சிஸ்டத்தில் செல்லாது. அதனால்தான் பழைய வெர்ஷனை எழுதுபவர் யாராக இருந்தாலும், போனை முழுக்க அழித்த பிறகே எழுதுகிறார். பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனை வெர்ஷனில், சேர்ந்துவிட்டு நடுவில் விலகினாலும் இதே கதைதான்.

அழித்துவிட்டுப் போகவும் எல்லாப் போனும் விடாது. 2022 ஆகஸ்டில் பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றுக்கும் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பூட்லோடரில் (போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) பழையதற்குத் திரும்புவதைத் தடுக்கும் ஆன்டி ரோல்பேக் எண்ணும் சேர்ந்து ஏறியது. அதன் பிறகு அவற்றில் முன்பு வெளியான ஆண்ட்ராய்டு 12 ஏறவே ஏறாது. சாம்சங்கில் இதை நீங்களே பார்க்கலாம். செட்டிங்ஸ், அபவுட் போன், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்று போய் பில்ட் நம்பரின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து பூட்லோடர் எண். அது 9ஐத் தாண்டினால் ஏ, பி என்று போகும். இப்போது அங்கே 5 இருந்தால் 4 உள்ள ஃபர்ம்வேரை (போனின் சிஸ்டம் மென்பொருளை) எந்தக் கடைக்காரராலும் ஏற்ற முடியாது. பட்டனைத் தொடும் முன் அந்தத் திரையை இன்னொரு போனில் படமெடுத்து வையுங்கள், பின்னால் கடைக்காரரிடம் பேச உதவும்.

ஐபோனில் வழி இன்னும் குறுகல். எந்த வெர்ஷனை ஏற்றினாலும் ஆப்பிள் சர்வர் கையொப்பமிட வேண்டும். புதியது வந்த ஓரிரு வாரத்தில் பழையதற்கான கையொப்பம் பொதுவாக நின்றுவிடும். அந்த இடைவெளிக்குள் திரும்பினாலும், புது ஐஓஎஸ்ஸில் எடுத்த பேக்கப் பழையதில் ரீஸ்டோர் ஆகாது.

இனி, ஏன் ஐந்தாறு வாரம்?

2020 டிசம்பர் கடைசியில் ஷாவ்மி எம்ஐ ஏ3க்கு ஆண்ட்ராய்டு 11 வந்தது. போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் பல போன்கள் எழவே இல்லை. திரை கறுப்பு, சார்ஜர் சொருகினாலும் அசைவில்லை. நிறுவனம் வெளியீட்டை நிறுத்தி, வாரண்டி முடிந்த போன்களையும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. அதுவும் இரண்டு ஸ்லாட் உள்ள போன்தான் என்பதைக் கவனியுங்கள். 2023 அக்டோபர் 4இல் வெளியான ஆண்ட்ராய்டு 14 வேறு மாதிரி கடித்தது. பிக்சல் 6 முதலான போன்களில் ஒன்றுக்கு மேற்பட்ட யூசர் கணக்கு வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் சொந்த ஸ்டோரேஜே திறக்கவில்லை. சில போன்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. பல மாத பீட்டாவைத் தாண்டி வந்த வெர்ஷன் அது. திருத்தம் நவம்பர் மாத பேட்சில்தான் வந்தது. அதற்குள் ரீசெட் ஆகிவிட்ட போன்களுக்கு அது வந்தும் பயனில்லை.

ஆப்பிள் மட்டும் ஒழுங்கா என்றால் இல்லை. 2014 செப்டம்பர் 24இல் வந்த ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6, 6 பிளஸ் இரண்டிலும் சிக்னலையும் கைரேகையையும் துண்டித்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள். அன்று ஒரு நாள் பொறுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2024 செப்டம்பரில் ஐபேட்ஓஎஸ் 18, எம்4 ஐபேட் ப்ரோ சிலவற்றை எழவிடாமல் செய்தது. சரியான 18.0.1 வந்தது அக்டோபர் 3இல். எனக்குத் தெரிந்த பெரிய கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படி நாலைந்து வாரத்துக்குள் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டவை. ஐபோன் என்றால் புள்ளி ஒன்று வெர்ஷன் (18க்குப் பின் 18.1 போல) வரட்டும். ஆண்ட்ராய்டு என்றால் உங்கள் மாடலுக்குப் பெரிய அப்டேட்டுக்குப் பின் இன்னொரு மாதாந்திர பேட்ச் வரட்டும். இதுதான் கணக்கு.

உடனே "பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடச் சொல்கிறாயா" என்று கமெண்டில் வருபவர்களுக்கு: இல்லை. மாதாந்திர செக்யூரிட்டி பேட்ச் வேறு, வெர்ஷன் மாற்றம் வேறு. பேட்ச் பெரும்பாலும் சில நூறு எம்பி, வெர்ஷன் மாற்றம் பல ஜிபி. 2023 செப்டம்பர் 7இல் வந்த ஐஓஎஸ் 16.6.1, பெகாசஸ் உளவு மென்பொருள் நுழைந்த ஓட்டையை அடைத்தது. அந்த மாதிரி அப்டேட்டை அன்றே போட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. 2024 செப்டம்பர் 16இல் ஐஓஎஸ் 18 வந்த அதே நாளில் 17லேயே இருக்க விரும்பியவர்களுக்கு 17.7உம் வந்தது. அப்படி இரண்டு வழி காட்டினால் சின்னதை எடுங்கள்.

எல்லாரையும்விட அதிகம் பொறுக்க வேண்டியவர்கள் வெளியில் டிஸ்ப்ளே மாற்றியவர்கள். 2018இல் ஐஓஎஸ் 11.3 போட்டதும், ஒரிஜினல் அல்லாத டிஸ்ப்ளே போட்ட ஐபோன் 8களில் படம் தெரிந்தது, டச் வேலை செய்யவில்லை. ஏப்ரல் 24இல் 11.3.1 வந்துதான் சரியானது. அதற்கு முன் ஐபோன் 6இல் ஹோம் பட்டன் மாற்றியவர்களுக்கு அப்டேட்டின்போது எரர் 53 வந்து போனே கல்லாகிப்போனது. அந்த விவகாரத்தில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றிய போன் உங்களுடையது என்றால், அதே மாடலில் அதே வகை டிஸ்ப்ளேயோடு யாராவது அப்டேட் செய்து டச் வேலை செய்கிறதா என்று மாற்றித் தந்த கடையிலேயே கேளுங்கள். அவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். திரையில் விழும் பச்சைக் கோடு மட்டும் வேறு விஷயம். அது பேனல் கோளாறு. அப்டேட்டுக்குப் பின் தெரிய ஆரம்பித்தாலும் மென்பொருளால் போகாது, டிஸ்ப்ளே மாற்றித்தான் ஆக வேண்டும்.

சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரைப் போனோடு இணைத்திருக்கும் வீடுகளில் ஆட்டோ அப்டேட்டை அணைத்தே வையுங்கள். சென்சார் தயாரிப்பாளர் தங்கள் இணக்கப் பட்டியலில் புது வெர்ஷனைச் சேர்க்கும்வரை தொடக்கூடாது. சர்க்கரை தாழும்போது அடிக்க வேண்டிய அலாரம் அடிக்காமல் போகலாம்.

போடுவது என்று முடிவானால் முதல் நாள் இரவு செய்ய வேண்டியது இது. குறைந்தது 10 ஜிபி காலி இடம், 50 சதவீதத்துக்கு மேல் சார்ஜ், வைஃபை. வாட்ஸாப் பேக்கப்பை எண்ட் டு எண்ட் பூட்டி வைத்திருந்தால் அதன் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ காகிதத்தில் இருக்கட்டும். அது இல்லாமல் அந்த பேக்கப்பைத் திறக்க வழியே இல்லை. உள்நுழைவு எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தால் கணக்குகளை இன்னொரு போனுக்கு ஏற்றுமதி செய்யுங்கள். "பேக்கப் ஆகியிருக்கிறது" என்ற வரியை மட்டும் நம்பாமல், வேறொரு சாதனத்தில் உள்நுழைந்து நேற்று எடுத்த போட்டோ அங்கே திறக்கிறதா என்று பாருங்கள்.

யூபிஐ பற்றி யாரும் சொல்வதில்லை. போன் ரீசெட் ஆனால் யூபிஐ ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் மறுபடி பதிவு செய்யும். எஸ்எம்எஸ் இல்லாத ரீசார்ஜ் என்றால் அது போகாது, பதிவும் ஆகாது. புதிதாகப் பதிவானபின் பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு வேறு. ஆகவே வாடகையோ பள்ளிக் கட்டணமோ கட்ட வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் அப்டேட் வேண்டாம்.

போட்டபின் இரண்டு மூன்று நாள் போன் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். ஆப்களை மறுபடி தொகுப்பதும் போட்டோக்களை அட்டவணைப்படுத்துவதும் பின்னணியில் நடக்கும். இரவு சார்ஜில் போட்டுவிட்டால் சீக்கிரம் முடியும். நான்காம் நாளும் அப்படியே இருந்தால் முதலில் பிளே ஸ்டோரில் எல்லா ஆப்பையும் அப்டேட் செய்யுங்கள். பிறகு சேஃப் மோடில், அதாவது நீங்கள் இறக்கிய ஆப்கள் ஓடாத நிலையில், ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் நீங்கள் இறக்கிய ஏதோ ஓர் ஆப்தான் காரணம். சாம்சங்கில் போனை அணைத்து, கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, வால்யூம் அப்பும் பவரும் சேர்த்து அழுத்தி ரிகவரி என்ற பழுதுபார்க்கும் திரைக்குப் போய், தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும் வைப் கேஷ் பார்ட்டிஷன் கொடுக்கலாம். தரவு போகாது. சில மாடல்களில் அந்த வரி இருக்காது, ரிப்பேர் ஆப்ஸ் இருந்தால் அதைக் கொடுங்கள். இன்னொன்று: 2025 ஆகஸ்டில் அழைப்புத் திரை திடீரென மாறியதைப் பார்த்து போனை யாரோ ஹேக் செய்துவிட்டதாகப் பலர் பதறினார்கள். மாறியது கூகுளின் போன் ஆப் மட்டுமே, ஓஎஸ் இல்லை. ஆப் இன்ஃபோவில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் கொடுத்தால் பழைய திரை வந்துவிடும்.

லோகோவிலேயே நின்றுவிட்டால் அரை மணி நேரம் தொடாதீர்கள். பிறகு சாம்சங்கில் வால்யூம் டவுனும் பவரும் பத்துப் பதினைந்து விநாடி, பிக்சலில் பவரை மட்டும் அரை நிமிடம் அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிக்சல் போன்ற போன்களில் ஆண்ட்ராய்டை ஏற்ற முடியவில்லை, தரவு பழுதாகியிருக்கலாம் என்ற ஆங்கிலத் திரை வரலாம். அதன் கீழே இரண்டே வரி: ட்ரை அகெய்ன், ஃபேக்டரி டேட்டா ரீசெட். வால்யூம் விசை வரியை மாற்றும், பவர் விசை தேர்ந்தெடுக்கும். பதற்றத்தில் வால்யூமை ஒருமுறை தட்டிவிட்டு பவரை அழுத்தினால் எல்லாம் அழிகிற இடத்துக்குப் போய்விடுவீர்கள். ட்ரை அகெய்னை மட்டும் நாலைந்து முறை கொடுங்கள். புது வெர்ஷன் ஒருமுறைகூட முழுதாக எழாத நிலையில் போன் பழைய ஸ்லாட்டுக்கே விழ வாய்ப்புண்டு. ஐபோனை ரிகவரி மோடில் கம்ப்யூட்டரில் இணைத்தால் அப்டேட், ரீஸ்டோர் என்று இரண்டு பட்டன் வரும். அப்டேட் தரவை வைத்துக்கொள்ளும், ரீஸ்டோர் அழித்துவிடும். மென்பொருள் இறக்கம் 15 நிமிடம் தாண்டினால் போன் அந்த மோடிலிருந்து வெளியேறிவிடும். இறக்கம் முடியட்டும், மறுபடி ரிகவரிக்குக் கொண்டுபோய் அப்டேட்டையே அழுத்துங்கள்.

இங்கேதான் சர்வீஸ் கவுண்டர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். எழாத போனைக் கொண்டுபோனால் "டேட்டாவுக்குப் பொறுப்பில்லை" என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேராக அழிக்கும் வழியையே எடுக்கிறார்கள். சாம்சங் ஃபர்ம்வேரில் சிஎஸ்சி என்று ஒரு ஃபைலும் ஹோம் சிஎஸ்சி என்று இன்னொன்றும் இருக்கும். முன்னது போனைத் துடைத்துவிடும், பின்னது தரவை விட்டுவைத்து சிஸ்டத்தை மட்டும் எழுதும். இரண்டையும் ஏற்ற ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். குழந்தையின் முதல் வருடப் படங்கள் அதில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஹோம் சிஎஸ்சியை முதலில் முயல என்ன தடை? போனைக் கொடுக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஐபோன் என்றால் "ரீஸ்டோர் வேண்டாம், முதலில் அப்டேட் கொடுத்துப் பாருங்கள்" என்று சொல்லி, ஜாப் ஷீட் எனும் சர்வீஸ் ரசீதிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.